குடிகாரன்தான் என்பதற்கு அத்தாட்சி

குடியை விடுவதற்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். பன்னிரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு, இரண்டு நகலும் ஒரு கெஜட்டட் ஆபீஸர் கையெழுத்தும் இல்லாமல் உலகத்தில் எதுவும் நடக்காது. குடிகாரர்கள் ஒன்றுகூடிக் குடியை விடும் இடத்தில் மட்டும் சும்மா உள்ளே விட்டுவிடுவார்களா? (விட்டால், குடிக்காதவனெல்லாம் ஓசி டீக்காக வந்து உட்கார்ந்துகொள்ள மாட்டானா? இது அன்றைய என் வாதம்.)

திண்டுக்கல் தனி மாவட்டமான புதிது. பரீட்சை முடிந்த கையோடு என் மனைவி வனஜா, மகளைக் கூட்டிக்கொண்டு கன்னிவாடியில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணத்தை விரிவாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் நான் தள்ளாடி மேடையேறிப் பரிசு வாங்கினேன். அந்தப் பரிசு எனக்கும் இல்லை, என் மகளுக்கும் இல்லை.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா சொன்ன தகவலை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள் வனஜா. ஞாயிறு நாலு மணி, மாதா கோவில் பள்ளிக்கூடம், அஞ்சாம் வகுப்பு. கீழே ஒரு வரி: ‘அங்கே போய் உட்காருங்கள். இல்லாவிட்டால் ஜூனில் இவளைக் கன்னிவாடியிலேயே பள்ளியில் சேர்த்துவிடுவேன்.’

எனக்கு உதறல் எடுத்துவிட்டது. பட்டப்பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாராயக் கடைக்குப் போனவன் நான். வெளியே வந்து விழுந்தால் நாலு பேர் தூக்கிவிட்டார்கள். ஒருத்தரும் தப்பாக நினைத்ததில்லை. ஆனால் குடியை விடப்போகிறேன் என்று தெரிந்தால்? ‘அவன் குடிகாரனாமே’ என்று ஊர் பேசிவிடாதா? மானம் என்ன ஆவது?

ஆகவே ரகசியமாக விண்ணப்பம் தயாரித்தேன். ‘பொருள்: குடிகாரர் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.’ கீழே நம்பர் போட்டு என் தகுதிகள். அத்தாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி. டவுனில் எந்த அதிகாரியிடம் போனாலும் மறுநாளே நாறிவிடும். மாட்டு டாக்டரும் கெஜட்டட் ஆபீஸர்தானே என்று சாணார்பட்டிப் பக்கம் பஸ் ஏறினேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும்?

டாக்டர் ஒரு பசுவின் பின்னால் முழங்கை வரை கையை விட்டிருந்தார். சுற்றிலும் மாடு பிடித்துக்கொண்டு பத்துப் பேர்.

“என்னய்யா கொண்டாந்திருக்க? மாடா, ஆடா?”

“காகிதம் சார்.”

“கை வேலையா இருக்கு. சத்தமா வாசி.”

வாசித்தேன். அந்தப் பசு மட்டும்தான் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பத்தியிலேயே டாக்டர் நிறுத்தினார்.

“ஒன்னய முன்ன பின்ன பாத்ததில்ல. குடிப்பேன்னு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுறது?”

எருமை பிடித்திருந்த பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். “போடுங்க சார், எனக்குத் தெரியும். போன மாசம் எங்க பஸ்ஸுல கண்டக்டர் சீட்டுல உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னாரு. அம்புட்டுப் பேரும் சேந்துதான் எறக்கினோம்.”

“ஆமா சார்,” என்றார் இன்னொருவர். “எனக்கு டிக்கெட்டுகூடக் கிழிச்சாப்ல.”

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். ‘கால்நடை உதவி மருத்துவர்’ என்று முத்திரையும் குத்தினார். “குடல்புழு மருந்து ஏதாச்சும் வேணுமா?” என்று கேட்டார். (அக்கறையில் கேட்டார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.)

ஞாயிறன்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தை மூன்று முறை சுற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். பிள்ளைகள் பெஞ்சில் ஏழு ஆண்கள், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பெரியவராகத் தெரிந்த அந்தோணி அண்ணனிடம் (தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி) இரண்டு கையாலும் விண்ணப்பத்தை நீட்டினேன்.

“என்ன தம்பி இது?”

“விண்ணப்பம்ணே. ரெண்டு நகல் இருக்கு.”

அவர் முத்திரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். பெஞ்சுகள் குலுங்க ஆரம்பித்தன.

“ஏலே, சினையா இல்லையான்னு போட்டிருக்கா பாரு!” என்றான் மூலையில் ஒருத்தன்.

“இங்க அப்பன் பேருகூடக் கேக்க மாட்டோம் தம்பி. நீங்க மாட்டாஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கீக,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அந்தோணி அண்ணன். “சரி, எழுதினது எழுதிட்டீக. வாசிங்க.”

ஆபீஸ் குரலில் கணீரென்று வாசித்தேன். ஒன்று, இரண்டு எல்லாம் ஓடிவிட்டது. ‘மூன்று: மேற்படி விழாவுக்குப் பின், எனது மகள் (வயது ஒன்பது), இனிமேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் வர வேண்டாம் என என்னைக் கேட்டுக்கொண்டுள்ளார்.’

பக்கத்தை நிரப்ப நான் எழுதிய வரிதான். பாதியில் குரல் நின்றுவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சினையா என்று கேட்டவன் தன் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினான்.

“செத்த நேரம் கழிச்சு வாசிங்கண்ணே. நாங்க எங்க போறோம்?”

இன்றும் வீட்டுக்கு எந்த ஃபாரம் வந்தாலும், “அப்பா, சாணார்பட்டிக்குப் போயிட்டு வாங்க” என்பாள் மகள். வனஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அந்த முதல் கூட்டத்துக்கு மறுநாளே வெற்றி வீரனாகக் கன்னிவாடிக்குப் போனேன். “எத்தனை வாரம் போனீங்க?” என்றாள் வனஜா. “ஒண்ணு” என்றேன். சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினாள். மே மாதக் கடைசியில் ஒரு நாள் மறுபடி குடித்துத் தொலைத்தேன். அதையும் அஞ்சாம் வகுப்பில் போய்ச் சொன்னேன். அந்த ஜூனில் மகள் கன்னிவாடிப் பள்ளியில்தான் சேர்ந்தாள். அடுத்த ஜூனில் திண்டுக்கல்லுக்கு வந்தாள்.