மேடையார் போட்ட டீ

மழைக்காலத்தில் தையல்காரருக்கு ஒரே ஒரு ஆசைதான். விடிந்த பிறகும் போர்வைக்குள் சுருண்டு கிடந்து, ஜன்னல் தகரத்தில் மழை தட்டுவதைக் கேட்டபடி இன்னொரு தூக்கம் போட வேண்டும். மற்றபடி உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. நாலு பேர் கூடிவிட்டால் நாற்காலியைத் தேடுவார். உட்கார அல்ல, ஏறி நிற்க. தெருவே அவரை மேடையார் என்றுதான் கூப்பிட்டது.

அந்த வாய்தான் அவரைக் கவிழ்த்தது. குடியிருப்போர் கூட்டத்தில் குப்பைத்தொட்டியைப் பற்றிப் பேச எழுந்தவர், பெண்கள் நிறைய வந்திருப்பதைப் பார்த்ததும் ரூட் மாறிவிட்டார்.

"வீட்டு வேலையில் பாதி ஆம்பளையோடது! அடுப்படிக்குள்ள நுழையாதவன் ஆம்பளையே இல்ல!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் அவர் மனைவி.

வீட்டுக்கு வந்து அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, எந்தப் பாதி உங்களுது?"

"எந்தப் பாதின்னா?"

"சமையலா, துவையலா?"

மேடையார் இருப்பதிலேயே சின்ன வேலையாகத் தேடினார். "காலையில டீ நான் போடறேன்."

"என் ராசா! அப்போ எனக்கு முன்னாடி எழுந்துடுவீங்க."

போச்சு, போர்வைத் தூக்கம் போச்சு. ஆனால் மேடையார் லேசுப்பட்டவரா? கடையில் தொல்லை தரும் வாடிக்கையாளரை அவர் சண்டை போட்டு விரட்டியதே கிடையாது. கால்சட்டை இடுப்பைக் கொஞ்சம் இறுக்கித் தைத்துக் கொடுத்துவிடுவார். ஆள் அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். அதே வைத்தியத்தை டீக்கும் செய்வது என்று முடிவெடுத்தார்.

மறுநாள் தூளை அள்ளிக் கொட்டி, சர்க்கரையே இல்லாமல் கறுக்கக் கறுக்கக் காய்ச்சிக் கொடுத்தார். மனைவி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள்.

"அடடா! தொண்டைக்கு என்ன இதம்!"

"நல்லாவா இருக்கு?"

"நீங்களும் உக்காந்து குடிங்க. பாதிப்பாதின்னா சேர்ந்துதானே குடிக்கணும்?"

அடுத்த நாள் பாலைத் தீய விட்டார். "இந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்றாள். அதற்கடுத்த நாள் உப்பைப் போட்டார். "மழைக்கு இதுதாங்க சரி" என்று டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. மேடையாருக்குத்தான் வயிறு கடமுடா என்றது. இவளுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமே வந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் சாவகாசமாக ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலையில கூட்டத்துப் பொம்பளைங்க எல்லாரும் வர்றாங்க."

"எதுக்கு?"

"உங்க கையால டீ குடிக்க. 'வெறும் வாய்ப்பேச்சா, இல்ல செய்வாரா?'ன்னு எதிர்வீட்டு டீச்சர் கேட்டாங்க. நான் விடுவேனா? வந்து குடிச்சுப் பாருங்கன்னுட்டேன்."

மேடையாருக்குப் பகீரென்றது. உப்பு டீ கொடுத்தால் தூக்கம் திரும்பிவிடும். பேர் போய்விடும். இனி எந்த நாற்காலியில் ஏறினாலும் சிரிப்பார்கள். தூக்கமா, பேரா? மனுஷன் கடைசியில் பேரைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை மழை சோவென்று கொட்டியது. போர்வையைப் பாவமாகப் பார்த்துவிட்டு எழுந்தார். இஞ்சியைத் தட்டினார், ஏலக்காயை நசுக்கினார், துணி வெட்டும் கவனத்தோடு சர்க்கரையை அளந்தார். மணம் வாசல்வரை போனது. வந்தவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன், கொஞ்சம் கத்துக்கொடுங்க" என்றார் டீச்சர்.

போதாதா? மேடையார் முக்காலி மேல் ஏறிவிட்டார். "இதென்ன பிரமாதம்! இந்த வீட்டுல காலை டீ ஆயுசுக்கும் என் பொறுப்பு!"

கைதட்டல் ஓய்ந்து எல்லாரும் கிளம்பிய பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மெதுவாக மனைவி பக்கம் வந்தார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. இத்தனை நாளா போட்ட டீ நல்லாவா இருந்துது?"

"கழனித்தண்ணி தோத்துது."

"தெரிஞ்சேதான் குடிச்சியா?"

"பின்னே? ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா ஆயுசுக்கும் நல்ல டீ கிடைக்கும்னா, குடிக்க மாட்டேனா?"

அவள் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க எல்லாரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."