லீக்கக்காவின் காது

மூன்று மாடிக் கட்டிடத்தில் எந்த மாடியில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்பதை, தரைத்தளத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொல்லக்கூடிய ஒரே மனுஷி இந்தப் பூமியில் லீக்கக்காதான். வேறு யாரையாவது தெரியும் என்றால் எனக்கு எழுதுங்கள். நான் நம்பமாட்டேன்.

திருச்சானூரில் நாற்பது பெண்கள் தங்கியிருந்த ஒரு தனியார் ஹாஸ்டலில் நான் டிகிரி முதல் வருஷம் சேர்ந்தபோது அவள் எம்.எஸ்சி. கடைசி வருஷம். என் அறைத்தோழி. வரதய்யபாளையம் பக்கம் நெல் போடும் குடும்பம். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கல்லூரி வருகைப் பதிவேட்டோடு சரி. தெலுங்குப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் லீக்கக்கா.

நான் பெட்டியைத் திறப்பதற்குள், அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரின் வாயைச் சுவரில் பதித்து, அடியில் காதை வைத்து நின்றாள். பக்கத்து அறைக் கதையை ஒட்டுக் கேட்கிறாள் என்று நினைத்து, நல்ல துணைதான் கிடைத்திருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

"ரெண்டாவது மாடி, கடைசி பாத்ரூம். வாஷர் போயிடுச்சி" என்றாள்.

போய்ப் பார்த்தோம். போயிருந்தது.

மற்றவர்கள் கைப்பையில் சீப்பும் பவுடரும் வைத்திருப்பார்கள். அவள் பையில் ஸ்பேனர், நாலு அளவு வாஷர், டெஃப்லான் டேப். ஷவரில் பாட்டுப் பாடிக் குளிப்பவர்களுக்கு ஒரு பாட்டுதான் அனுமதி. இரண்டாவது பாட்டில் பல்லவி தொடங்கினால் கதவு தட்டப்படும். ஒருத்தி பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்திலிருந்து தொடங்கிப் பார்த்தாள். அதற்கும் தட்டினாள்.

ஒரு காலையில் ஆறு ஃப்ளஷ் டாங்குகளிலும் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊற்றிவிட்டாள். அரை மணி நேரம் யாரும் தண்ணீர் இழுக்காமல் இருக்கும்போதே கீழே பேசினில் நீலம் இறங்கினால், அந்த டாங்க் ஒழுகுகிறது என்று அர்த்தம். அருமையான சோதனை. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. நகரியிலிருந்து வந்த ஒரு பெண் உள்ளே போனாள், நீலத்தைப் பார்த்தாள், தனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று முடிவு செய்து தன் நைனாவுக்கு போன் போட்டு அழுதாள். அவர் இரண்டு இளநீரோடு பஸ் ஏறி வந்து சேர்ந்தார். வார்டனம்மா அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்ல, மனுஷன் கோபப்படவில்லை. ஆறில் நாலு ஒழுகுகிறது என்று கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டினார். அன்று மதியம்வரை லீக்கக்கா வாஷர் மாற்ற, அவர் டாங்க் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இளநீரையும் அவர்கள் இரண்டு பேருமே குடித்தார்கள். நோயாளிக்குக் கிடைக்கவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோடை வந்தது. போர் தண்ணீர் இறங்கிவிட்டது. லாரித் தண்ணீர் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது. பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை ஹாஸ்டலை மூடுகிறேன், எல்லோரும் காலி செய்யுங்கள் என்று ஓனர் சொல்லிவிட்டார். தொலைவிலிருந்து வந்த பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு அழ உட்கார்ந்தார்கள். நானும் அழுதேன்.

லீக்கக்கா மட்டும், தண்ணீர் பற்றாமல் போகவில்லை, எங்கோ ஓடிப்போகிறது என்றாள். சனிக்கிழமை மதியம் மொட்டைமாடி டாங்க்கில் தண்ணீர் மட்டத்துக்கு சாக்பீஸால் கோடு போட்டாள். பாத்ரூம்களைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாற்பது பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து, அவசரத்தை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. பிறகு ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்தாள். பின்கட்டுக்குப் போகும் குழாயின் வால்வை மூடியதும் மட்டம் அப்படியே நின்றது.

பின்கட்டில் ஓனரின் வாழைகள் இருந்தன. தெருவே காய்ந்து கிடக்க, அவை மட்டும் தளதளவென்று தார் தள்ளி நின்றன. எல்லாம் கோயில் அம்மவாரு தயை என்று அவர் வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார். லீக்கக்கா போய், அது தயை இல்லை, லீக் என்றாள்.

ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது. தோண்டி ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வாய் என்று தெலுங்கில் கேட்டார்.

"மொதல்ல நான் ரூமைக் காலி பண்ணிக்கினு போறேன்."

ஞாயிறு காலை ஆள் வந்து முழங்கால் ஆழம் தோண்டினார். குழாய் தெரிந்தது. முழுசாக இருந்தது. மண் மட்டும் கொஞ்சம் ஈரம். அது நான் வாழைக்கு ஊற்றுகிற தண்ணீர் என்றார் ஓனர். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

லீக்கக்கா மாடி ஏறினாள். துணிகளை மடித்து வைத்தாள். போகாதே என்று கெஞ்சினேன். வார்த்தை கொடுத்துவிட்டேன் என்றாள். மதியம் அவள் பையைத் தூக்கிக்கொள்ள, நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கினேன்.

பின்கட்டில் சமையலம்மா பாத்திரம் தேய்க்க உட்கார்ந்து, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரே போய் வால்வைத் திறந்தார். நாங்கள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. தோண்டின பள்ளத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். குழாயின் அடிப்பக்கத்து விரிசலிலிருந்து தண்ணீர் பீறிட்டு, எட்டிப் பார்க்க வந்த ஓனரின் சட்டையை நனைத்தது.

சனிக்கிழமை சோதனைக்காக அந்த வால்வை மூடியவளே லீக்கக்காதான். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று அதைத் திறக்கவே இல்லை. மூடின குழாயில் எந்த லீக் தெரியும்?

மாடியிலிருந்து மற்ற பிள்ளைகளும் கீழேயிருந்து நானும் கத்தித் தீர்த்தோம். லீக்கக்கா பையைப் போட்டுவிட்டு வால்வை மூட ஓடினாள். ஈரச் சட்டையோடு நின்ற ஓனர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு அவள் பையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "பைக்கி போம்மா. சதுவுகோ" என்றார். மேலே போய்ப் படி என்று அர்த்தம். மன்னிப்புக்கும் அதுதான் அவர் வார்த்தை.

குழாய் மாற்றினார்கள். ஹாஸ்டலை மூடவில்லை. பரீட்சை எழுதினோம். வாழைகள் வாடிவிடக்கூடாது என்று லீக்கக்கா துணி அலசுகிற தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். ஓனர் முதல் தாரை வெட்டி எங்கள் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் வாழைப்பழமே துன்னோம்.

இப்போது அவள் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். நான் திருப்பதியில் வீடு, பிள்ளை என்று இருக்கிறேன். மனசு சரியில்லாத நாளில் அவளுக்கு போன் போட்டு, சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்பேன். போனைக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வாள். வைப்பேன். காதைக் கொடுத்துக் கேட்பாள். அப்புறம் சொல்வாள்: "ஒண்ணும் சொட்டல. இன்னாடி ஆச்சி, சொல்லு."