சாம்பிராணி போட்ட பெல்ட்

காரின் முன்மூடியைத் தூக்கிவிட்டுக் கோவிந்தப்பன் குனிந்து பார்த்தார். உள்ளே, விசிறியைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் ஓரமெல்லாம் பிய்ந்து, இரண்டு நூல் இழையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, ஆவுமா ஆவாதா?" வாசலிலிருந்து முனிலட்சுமி கேட்டாள். "சாயங்கால பஸ்ல சம்பந்தி வந்துருவாங்க."

"ஆவும்."

"எப்ப?"

அவர் பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்.

அன்று மகள் ஜோதியம்மாளுக்கு நிச்சயதார்த்தம். பிள்ளையின் தகப்பனார் கங்கப்பன் ஓசூரில் லாரி வைத்திருப்பவர். பெண் பார்க்க வந்த அன்று இந்தக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோவிந்தப்பன் அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"வாங்கி நாலு வருசமாச்சுங்க. இன்னிவரைக்கும் ஒரு மெக்கானிக் கை இதுமேல பட்டதில்ல. எல்லாம் நம்ம கைதான்."

கங்கப்பன் நிமிர்ந்து பார்த்தார். "தன் வண்டியத் தானே பாத்துக்கற மனுசன் வீட்ல கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்" என்றார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. "நிச்சயத்தன்னிக்கு நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கார் எடுத்துட்டு வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன்" என்று கோவிந்தப்பனும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நம்ம கை என்றாரே, அந்தக் கை நாலு வருஷமாகச் செய்தது ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் துணியால் துடைத்தது மட்டும்தான். வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. அதைத் தன் கைராசி என்று அவர் மனதார நம்பினார். கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்தவர்களில் சொந்தக் கார் அவருக்கு மட்டுமே உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக்கூடக் காரை எடுக்கமாட்டார். விடியற்காலை பஸ்ஸில் போய் இருட்டும்போது திரும்புவார். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து சந்தைக்குப் போகவே முடியவில்லை. அதே சமயத்தில் பார்த்து வண்டியும் கிறீச்சிட ஆரம்பித்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"மாமா, என் ஜட்கா சும்மாத்தான் நிக்குது" என்று வந்து சேர்ந்தான் மைத்துனன் ஆஞ்சப்பன். "குதிரைக்கு பெல்ட்டு இல்ல. அறுந்துபோற தொல்லையும் இல்ல."

"போடா அந்தாண்ட."

"இல்லன்னா மெக்கானிக் ரசூலக் கூட்டியாறட்டா? ஒர்க் ஷாப்புல இருப்பாரு."

"ரசூல் ஊர்ல இல்ல" என்று உள்ளேயிருந்து முனிலட்சுமியின் குரல் அவசரமாக வந்தது. "காலையிலயே தர்மபுரி போயிட்டாராம். கெணத்தடியில அவரு சம்சாரம் சுக்ரா சொன்னா."

"சுக்ராவா? அந்தம்மா ரகசியம் சொன்னாலே நாலு தெருவுக்குக் கேக்கும். எனக்குக் கேக்கலியே!"

"எவனும் வேணாம்" என்றார் கோவிந்தப்பன். "என் வண்டி. என் கை."

அந்தக் கை பழைய பெல்ட்டை அரிவாள்மணையால் அறுத்து எறிந்தது. இதுவரை சுலபமாகத்தான் இருந்தது.

புதுப் பெல்ட் வீட்டிலேயே இருந்தது. பெங்களூரில் வாங்கி வந்து, ஆயுத பூஜைக்குச் சாமி படத்தின் முன் வைத்ததை அவர் எடுக்கவேயில்லை. சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அதை எடுத்து வந்து கப்பிகளின் மேல் மாட்டப் பார்த்தார். ஒன்றில் மாட்டினால் இன்னொன்றில் எட்டவில்லை.

"சின்னதாக் குடுத்துட்டான் மாமா" என்றான் ஆஞ்சப்பன்.

"ரப்பர்தானே, இழுத்தா வரும். அந்தக் கடப்பாரைய எடு."

கடப்பாரையால் நெம்பினார். பெல்ட் வரவில்லை. கடப்பாரை வழுக்கிப் போய் ரேடியேட்டரில் இடித்தது. மெல்லிய ஊற்று ஒன்று கிளம்பி அவர் வேட்டியை நனைத்தது.

தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

முனிலட்சுமி ஒரு துண்டு சலவைச் சவுக்காரத்தோடு வந்தாள். "இத ஓட்டையில அழுத்தி அடைங்க" என்றாள். அடைத்தார். நின்றது. அவள் உடனே போகவில்லை. "அந்த டைனமோ போல்ட்ட லூஸ் பண்ணி, டைனமோவ உள்பக்கம் தள்ளிப் பாக்கலாமோ என்னமோ" என்று மெதுவாகச் சொன்னாள்.

"ஏம்மே, உன் அடுப்படியில டைனமோ இருக்குதா? போய் பாயசத்தப் பாரு!"

அவள் போய்விட்டாள். கோவிந்தப்பன் எஞ்சினையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வெற்றிலை போட்டுத் துப்பும் நேரம் கழித்து, அப்போதுதான் உதித்தது போல, "ஏண்டா ஆஞ்சப்பா, இந்த டைனமோவைத் தளத்தினா என்ன?" என்றார்.

தளர்த்தினார். உள்ளே தள்ளினார். பெல்ட் விசிறி இறக்கைகளைச் சுற்றி வந்து கப்பிகளில் தானாக உட்கார்ந்தது. டைனமோவை இழுத்து முறுக்கினார்.

"மாமா, நீ பெரிய ஆளுதான்!"

சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. கூடவே ஆட்டுக்கிடா கத்துவது போல ஓர் அலறல். விசிறி அசையவில்லை. பெல்ட் கப்பியின் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

கோவிந்தப்பன் நிறுத்திவிட்டுப் பெல்ட்டைத் தொட்டார். விரல் பளபளத்தது. மோந்து பார்த்தார். விளக்கெண்ணெய்.

"முனிலட்சுமி!"

"நீங்கதானே சொன்னீங்க? ரப்பர் காஞ்சா வெடிச்சிரும், வெள்ளிக்கிழமை சாமி விளக்குக்கு ஊத்தறப்ப இதுக்கும் ரெண்டு சொட்டுத் தடவுன்னு. ஒரு வெள்ளிக்கிழமை வுட்டதில்ல."

ஆஞ்சப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஜட்காவப் பூட்டிரட்டுமா மாமா?"

"வாய மூடு." பெல்ட்டைக் கழற்றிய கோவிந்தப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "எண்ணெய் எதுல போவும்?"

"தலையில வச்ச எண்ணெய் எதுல போவுதோ அதுல" என்றாள் முனிலட்சுமி.

ஜோதியம்மாள் அவிழ்த்த கூந்தலோடு வாசலுக்கு ஓடி வந்தாள். "அம்மா! அது எனக்கு அரைச்சு வச்ச சீயக்காய்!"

"உன் கல்யாணத்துக்குத்தாண்டி. குடு."

பெல்ட்டுக்கு வெந்நீரும் சீயக்காயும் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஈரம் போக வேண்டுமே! மகளின் கூந்தலுக்கென்று மூட்டி வைத்திருந்த சாம்பிராணித் தட்டின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பெல்ட்டை வட்டமாகப் பரப்பினார்கள். விசேஷ வீட்டில் அன்று தலைக்கு ஊற்றிக்கொண்டது அது ஒன்றுதான்.

இரண்டாம் முறை மாட்டியபோது கோவிந்தப்பனின் கை யாரையும் கேட்கவில்லை. தளர்த்தியது, தள்ளியது, மாட்டியது, முறுக்கியது. சாவியைத் திருப்பினார். விசிறி சுழன்றது. அலறல் இல்லை. தெருவில் கூடியிருந்தவர்கள் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார்கள். கோயில் கர்ப்பகிரகம் போல மணத்துக்கொண்டு கார் நகர்ந்தது.

பஸ்ஸும் அவரும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். கங்கப்பனும் அவர் மனைவி கெம்பம்மாவும் இறங்கினார்கள். கங்கப்பனின் கண் முதலில் போனது கோவிந்தப்பனின் கைமேல். கழுவியும் போகாத கருப்பு.

"பெல்ட்டு நைஞ்சிருந்தது. மாத்தினேன்" என்றார் கோவிந்தப்பன், சாதாரணமாக.

லாரிக்காரருக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? மூடியைத் தூக்கினார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "சென்னாகிதே, நல்லாருக்கு! ரொம்ப சரியான இறுக்கம். எங்க டிரைவருங்களுக்கே இப்படி வராது" என்றார். பிறகு மூக்கைச் சுருக்கி, "என்ன சம்பந்தி, எஞ்சின்ல சாம்பிராணி வாசம்?"

"வண்டியும் லட்சுமிதானுங்களே."

கெம்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் கோவிந்தப்பன் ஸ்டியரிங்கின் மேல் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்த வார்த்தை இன்று காலைவரை வெறும் வார்த்தைதான் என்பது அவருக்குள் எங்கோ தெரிந்திருந்தது. இனி அப்படியில்லை. நகக்கண்ணில் அதற்கு அத்தாட்சி இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தார். ஒரு வாரத்துக்குத் தேய்த்துக் குளிக்கப் போவதில்லை.

கூடத்தில் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு மாறியது. கங்கப்பன் சபையைப் பார்த்துச் சொன்னார்: "எங்களுக்கு நகையும் வேணாம், நட்டும் வேணாம். மெக்கானிக் கை படாத வண்டி வச்சிருக்கற வீடு. இந்த ரோசம் போதும்."

ஆஞ்சப்பனே தலையாட்டினான். கோவிந்தப்பன் தன் கருத்த கைகளை எல்லோருக்கும் தெரியும்படி மடியில் விரித்து வைத்துக்கொண்டார். எல்லோரும் வெற்றிலையை மென்றார்கள். நிறைவான, நீண்ட மௌனம்.

அந்த மௌனத்தில், கொல்லைப்புறமாக மல்லிகைப்பூ கொடுக்க வந்த ரசூலின் மனைவி சுக்ரா, அடுப்படியில் முனிலட்சுமியிடம் ரகசியமாகக் கேட்டாள்:

"ஏன்க்கா, இந்த வெள்ளிக்கிழமையாச்சும் அண்ணன் சந்தைக்குப் போவாராமா? நாலு வருசமா ஒரு வாரம் தவறாம வண்டிய ரிப்பேர் பாத்துட்டு, இப்ப உள்ள நொழையவே முடியலியே, அந்தப் பெல்ட்டு வேற நைஞ்சு கெடக்குதேன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கமே வரலக்கா!"