கம்ப்யூட்டர் விசர்ஜனம்

இயந்திரம் இல்லாத அலுவலகம் விஸ்வகர்மா பூஜை கொண்டாட முடியாது. இது கல்கத்தாவில் எழுதப்படாத சட்டம். ஆலைக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் பாட்டும் பந்தலுமாக இருக்கும் அந்த செப்டம்பர் நாளில், எங்கள் எடைக்கல் சரிபார்ப்புக் கழகத்தார் மட்டும் ஜன்னல் வழியே ஊரார் விடும் பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

1999 செப்டம்பரில் தில்லி எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியது. கூடவே ஓர் உத்தரவு: மாத முடிவுக்குள் கழகம் முற்றிலும் கணினிமயமாக வேண்டும். தவறினால் கழகத்தை மூடிவிட்டு, எல்லோரையும் பாட்னாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அதிகம் கலங்கியவர் செக்‌ஷன் ஆபீசர் வாஞ்சிநாதன்தான். பெஹாலாவில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிபோயிருந்தார். மனைவி வத்சலாவுக்கு அங்கேயே பள்ளிக்கூட வேலை.

யூனியன் செயலாளர் ஹால்தார் கலங்கவில்லை. "இயந்திரம் வந்துவிட்டது. இனி பூஜை நம் உரிமை" என்றார். ஆனால் கடைசி நேரத்தில் விக்கிரகம் எங்கும் கிடைக்கவில்லை. அப்போது வாஞ்சிநாதன் சும்மா இராமல் வாயைத் திறந்தார். "விக்கிரகம் எதற்கு? எங்கள் ஆயுத பூஜையில் கருவிக்கே பொட்டு வைத்துக் கும்பிடுவோம்."

கம்ப்யூட்டர் பீடம் ஏறியது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. வங்காளப் புரோகிதர் குறைவில்லாமல் ஆவாஹனம் செய்தார். கிச்சடியும் பிரமாதமாக அமைந்தது.

மறுநாள் காலை ஹால்தார் கேட்டார்: "விசர்ஜனம் எத்தனை மணிக்கு?"

"எதை?" என்றார் வாஞ்சிநாதன்.

"ஆவாஹனம் செய்த சுவாமியை. கங்கையில் கரைக்க வேண்டாமா?"

"ஹால்தார் தாதா, அது கம்ப்யூட்டர்."

"நேற்றுக் காலை வரைக்கும் கம்ப்யூட்டர்."

வாஞ்சிநாதன் மேலதிகாரி மஹாதேவனின் அறைக்கு ஓடினார். "சார், எங்காத்துல அருவாமணைக்குப் பொட்டு வெச்சுட்டு, மறுநாள் அதுலயேதான் காய் நறுக்கறோம். கங்கையிலயா போடறோம்?"

"நேக்குத் தெரியறதுங்காணும். ஹால்தாருக்குத் தெரியணுமே. ஆவாஹனத்தப்போ மணி அடிச்சது நீர்தானே?"

"கீபோர்டை மட்டும் கரைச்சுடலாமா சார்?"

இந்த யோசனை, இதற்கென்றே அமைத்த மூவர் குழுவின் மேலான பரிசீலனைக்கு வைக்கப்பட்டது. சுவாமியின் கையை மட்டும் கரைக்கும் வழக்கம் இல்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. மாலையில் லாரி வந்தது, மேளம் வந்தது. பாபுகாட் படித்துறையில் மானிட்டர் சிறிது நேரம் மிதந்து பார்த்துவிட்டு முழுகியது. வருகிற வருஷமும் மறுபடி வர வேண்டும் என்று எல்லோரும் கோஷம் போட்டோம். வாஞ்சிநாதன் அழுதார். பக்தி என்று நினைத்து அவருக்கு சந்தேஷ் இனிப்பு இரண்டு அதிகமாகக் கொடுத்தார்கள்.

மாத முடிவில் தில்லி அதிகாரி வந்தார்.

"கம்ப்யூட்டர் எங்கே?"

"முறைப்படி விசர்ஜனம் செய்தாகிவிட்டது" என்றார் மஹாதேவன். வாஞ்சிநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியானால் பெட்டியைப் பிரித்தீர்களா?"

"பிரித்தோம்."

"சுவிட்ச் போட்டீர்களா?"

"தீபாராதனையின்போது போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது."

அதிகாரி எழுந்து மஹாதேவனின் கையைப் பற்றிக் குலுக்கினார். "இதுவரை பார்த்த அலுவலகங்களில் ஒருவரும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. இங்கே கடைநிலை ஊழியர் வரை கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கிறார்கள்."

"தோளில் சுமந்திருக்கிறார்கள்" என்று திருத்தினார் ஹால்தார்.

கழகம் முற்றிலும் கணினிமயமானதாக அங்கேயே அறிவிக்கப்பட்டது. வாஞ்சிநாதன் மெல்லக் கண்ணைத் திறந்தார். பாவம், அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நாங்கள் பார்த்ததே இல்லை.

"பாட்னாக்காரர்கள்தான் கம்ப்யூட்டர் என்றாலே மிரளுகிறார்கள்" என்றார் அதிகாரி. "அவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். இங்கே இதை முதலில் யோசித்தது யார்?"

இத்தனை வருஷத்தில் எங்கள் கழகத்தில் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வந்ததில்லை. அன்று வந்தது. நன்றியுணர்ச்சியோடு எல்லோரும் வாஞ்சிநாதனைக் கை காட்டினோம்.