இருபத்தாறு டிகிரி

மீன் தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி ஜில்லிட்டுக் கிடக்கிறது என்று வீட்டிலிருந்து கணவர் போன் செய்தபோது, அவள் ஆபீசில் வேறொருவர் செய்த தப்பைக் கண்டுபிடித்து அதைச் சிவப்பில் குறித்துக்கொண்டிருந்தாள்.

அதுதான் அவள் பார்க்கும் வேலை. மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களில் எங்கே ஓட்டை என்று தேடிப் பிடிப்பது. ஆபீசில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட நாலு பேர் அவசரமாகத் திரையை மூடுவார்கள்.

"ஃபேன் ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஜோரா ஓடுது. ஹீட்டர்தான் அணைஞ்சு கிடக்கு. மீனெல்லாம் ஒரு மூலையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அப்பா கிளம்பிப் போய் இன்னும் ஒரு நாள்கூட முழுசா ஆகலை."

சிவப்பில் குறிப்பதை அவள் பாதியில் நிறுத்தினாள்.

தொட்டி அவளுடைய மாமனாருடையது. அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க நிலத்தை அளந்தவருக்கு ஓய்வுக்குப் பிறகு அளக்க நிலம் இல்லை. தண்ணீரை அளக்க ஆரம்பித்துவிட்டார். தொட்டியில் இருப்பவை விரல் நீளமுள்ள மீசைக் கெளுத்திகள். பெரிய மனுஷர்கள் மாதிரி மீசையை ஆட்டிக்கொண்டு தரையிலேயே மேயும். அவை என்றைக்காவது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது சர்வேயரின் மூன்று வருஷத் தவம். தவத்துக்கு ஒரே மந்திரம்தான்: இருபத்தாறு டிகிரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காலை, மதியம், மாலை தெர்மாமீட்டரைப் பார்ப்பார். அரை டிகிரி இறங்கினால் ஒரு தம்ளர் வெந்நீரோடு ஓடி வருவார்.

அவருடைய மகள் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் அவர் ஒரு மாதம் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, தொட்டியை அவள் பொறுப்பில் ஒப்படைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் ஒப்படைத்த முதல் பொருள் அது. "அவன் கையில மட்டும் கொடுத்துடாதேம்மா" என்று மகனைக் காட்டிச் சொன்னார். மகன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விடுமுறையாதலால் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் மீன்கள் பாவம் என்று ஒரு தடவை ஒரு பாக்கெட் தீனியையும் மொத்தமாகக் கொட்டிய சரித்திரம் அவருக்கு உண்டு.

அவளோ பகல் முழுக்க ஆபீசில். மதிய வேளையில் யார் அளப்பது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சீட்டுக்கட்டை விடச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிறது. திரை கிடையாது, பெட்டி கிடையாது, வெறும் பச்சைப் பலகை. அதில் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு வெப்பமானியை மாட்டி, ஹீட்டர், ஃபேன், விளக்கு, பம்பு எல்லாவற்றின் சுவிட்சையும் அதன் கையில் கொடுத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லா விவரமும் அவள் போனுக்கு வரும். மாமனார் கிளம்பிய அன்று ராத்திரியே உட்கார்ந்து அதைச் செய்து மாட்டிவிட்டாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "தப்பு கண்டுபிடிக்கிறது சுலபம் மேடம். நீங்களா ஒண்ணு செஞ்சு பாருங்க, தெரியும்" என்று சொல்லியிருந்தார். அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து தான் எழுதியதைப் பிரித்துப் பார்த்தாள். தண்ணீர் குளிர்ந்தால் ஹீட்டரைப் போடு, சூடேறினால் ஃபேனைப் போடு என்று எழுத வேண்டிய இடத்தில், குளிர்ந்தால் ஃபேன், சூடேறினால் ஹீட்டர் என்று எழுதி வைத்திருந்தாள். பெரிது, சிறிது காட்டும் குறி ஒன்று திரும்பிவிட்டது, அவ்வளவுதான். இதே தப்புக்காகப் பக்கத்து மேஜைக்காரரைப் போன வாரம் பத்துப் பேர் முன்னால் கிழித்துத் தோரணம் கட்டியவள் அவள்தான்.

குறியைத் திருப்பினாள். தண்ணீர் மெல்ல மெல்ல இருபத்தாறுக்கு வந்து நின்றது. நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை டிரில் மாஸ்டர் கூடத்தில் தண்டால் எடுத்தபோது அவர் கால் ஒரு வயரில் மாட்டியது. வெப்பமானி தண்ணீரிலிருந்து வெளியே வந்து தரையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. ஆபீசில் இருந்தவளுக்குப் போனில் 'இருபத்திரண்டு' என்று வந்தது. ஹீட்டர் ஓடுகிறது, எண் ஏறவில்லை. இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து, ஹீட்டரை நிறுத்தாமல் ஓடவிடும்படி அங்கிருந்தே உத்தரவு போட்டாள். பச்சைப் பலகையும் சொன்ன பேச்சைக் கேட்டு, தரையைச் சூடாக்கும் முயற்சியில் பகல் முழுக்கப் பாடுபட்டது.

டிரில் மாஸ்டர் தற்செயலாகத் தொட்டியில் விரலை விட்டபோது அது குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருந்தது. அவர் யோசிக்கிற ஜாதி இல்லை, செயல் வீரர். ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்து வந்து வரிசையாகத் தொட்டியில் கவிழ்த்தார். கவிழ்த்த பிறகுதான் மனைவிக்குப் போன் செய்து பெருமையோடு விஷயத்தைச் சொன்னார்.

"எத்தனை பாட்டில் ஊத்துனீங்க?"

"இருந்த எல்லாத்தையும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெந்நீர் இனிப் பனிநீராகிவிடும்.

சரியாக அந்த நேரம் பார்த்து மாமனாரின் அழைப்பு வந்தது. இப்போது எத்தனை டிகிரி என்று கேட்டார். டிரில் மாஸ்டர் வெப்பமானியைத் தேடி எடுத்து மறுபடி தண்ணீருக்குள் போட்டிருந்தார். அவள் போனைப் பார்த்தாள். சூட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர், வழிப்போக்கனைப் போல அந்த நிமிஷம் இருபத்தாறைக் கடந்துகொண்டிருந்தது.

"இருபத்தாறு மாமா" என்றாள். அது பொய் இல்லை.

"நல்லதும்மா. உன்கிட்ட கொடுத்தது நல்லதாப் போச்சு" என்று அவர் சொன்னது அவளை இன்னும் வாட்டியது.

வயர்களைச் சுவரோடு ஒட்டிப் பத்திரப்படுத்தினாள். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமனார் திரும்பி வரும்போது எல்லாமே கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அறை இருட்டினால் தொட்டி விளக்கு தானே எரிய வேண்டும் என்று வெளிச்சத்தை உணரும் கண் ஒன்றை வாங்கி, தொட்டி மேலேயே ஒட்டினாள். இருட்டியதும் விளக்கு எரிந்தது. கைதட்டப் போனாள். விளக்கு எரிந்ததும் அந்தக் கண்ணுக்கு விடிந்துவிட்டதாகத் தோன்றியது. அணைத்தது. அணைத்ததும் இருட்டு, மறுபடி போட்டது. பளிச், இருட்டு, பளிச், இருட்டு. கூடமே கண்ணடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று வந்து கதவைத் தட்டினார். வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஃபியூஸ் தகராறு என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்தது பம்பு. ஊற்றிய பாட்டில் தண்ணீரை வெளியே எடுக்கப் போய்க் கூடுதலாகவே எடுத்துவிட்டதில் தொட்டியின் மட்டம் குறைந்திருந்தது. மட்டம் குறைந்தால் வாளியிலிருந்து தானே தண்ணீர் ஏறும்படி ஒரு மிதவையும் குழாயும் வைத்தாள். அவள் ஆபீஸ் போன பிறகு குழாயை இறுக்கியிருந்த கிளிப் கழன்றது. குழாய் நிமிர்ந்து, கூரை விளக்கைப் பார்த்துப் பீய்ச்சி, தொட்டி முழுக்கப் பூவாளியால் தெளிப்பதைப் போலச் சொரிந்தது. பாதி தொட்டிக்குள், பாதி தரையில். மிதவையும் சிக்கிக்கொண்டதால் பம்பு நிற்கவில்லை. வாளியை அவள் லேசாகத் திறந்துவிட்ட தண்ணீர்க் குழாயடியில் வைத்திருந்ததால் அதற்கும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கடைக்குப் போயிருந்த டிரில் மாஸ்டர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது செருப்பு மிதந்து வந்து அவரை வரவேற்றது.

அவள் வந்து பார்த்தபோது அவர் பழைய ஜெர்ஸியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீன்கள் தாறுமாறாக நீந்திக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஏறுகின்றன, இறங்குகின்றன, ஒன்றை ஒன்று துரத்துகின்றன. பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். சுவரோரமாக உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்தது.

டிரில் மாஸ்டர் துணியைப் பிழிந்தபடியே, "இதை நீ செய்யலைன்னு வெச்சுக்கோ. உன் பக்கத்து மேஜைக்காரர் செஞ்சு கொண்டாந்து கொடுத்தார்னு வெச்சுக்கோ. என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பச்சைப் பலகையின் எதிரில் பூதக்கண்ணாடியாகவே உட்கார்ந்தாள். இந்த மடையன் எங்கெல்லாம் கோட்டை விட்டிருப்பான் என்று தேட ஆரம்பித்ததும் ஓட்டைகள் வரிசையில் வந்து நின்றன. ஒரு வெப்பமானியை நம்பினால்தானே வம்பு என்று இரண்டு வைத்தாள். இரண்டும் வேறு வேறு எண் சொன்னால் மெஷின் எதுவும் செய்யாமல் அவளைக் கூப்பிடும். வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பம்பு எவ்வளவுதான் கெஞ்சினாலும் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓட முடியாதபடி கடிவாளம் போட்டாள். மின்சாரத்தை அணைத்துப் பார்த்தாள், வயரைப் பிடுங்கிப் பார்த்தாள், வாளியைக் காலி செய்து பார்த்தாள். டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் தண்டால் எடுக்கச் சொல்லியும் பார்த்தாள். அசையவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் பிசகவில்லை. காலையில் இருபத்தாறு, மதியம் இருபத்தாறு, மாலையில் இருபத்தாறு. விளக்கு இருட்டியதும் எரிந்து, உரிய நேரத்தில் அணைந்தது. தைரியம் வந்து, தான் எழுதியதைப் பக்கத்து மேஜைக்காரரிடமே கொடுத்துத் தப்பு கண்டுபிடிக்கச் சொன்னாள். அவர் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தலைகீழாக நின்று பார்த்துவிட்டு, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, "சரியாத்தான் மேடம் இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பதவி உயர்வு மாதிரி வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

மாமனார் திரும்பி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியிடம் போனார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். நம்பாமல், பையிலிருந்த இன்னொன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. பிறகுதான் பச்சைப் பலகையைப் பார்த்தார்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான் மாமா."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பயந்துபோய் அவளும் பக்கத்தில் குனிந்தாள். பாசிப் புதருக்குள் கடுகுக்கு வால் முளைத்த மாதிரி ஏதோ அசைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே.

"குஞ்சு பொரிச்சிருக்கும்மா" என்றார் சர்வேயர். அப்படியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் மருமகளைப் பற்றிப் பேசாத ஆள் பாக்கி இல்லை. காலில் கட்டோடு கிடந்த மகளுக்குச் சொன்னார். எதிர்வீட்டு அம்மாவைக் கையோடு கூட்டி வந்து காட்டினார். மீன் வளர்ப்போர் சங்கத் தலைவரையே வீட்டுக்கு அழைத்துவிட்டார். தலைவர் ஒரு பல் டாக்டர். அந்தச் சங்கத்தில் எல்லோரும் எல்லோரையும் பாராட்டுவார்கள். தொழில் ரகசியத்தை மட்டும் யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். சர்வேயரும் வாய்விட்டு யாரையும் கேட்கிறவர் இல்லை.

டாக்டர் வந்து, டார்ச் அடித்துக் குஞ்சுகளைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். அவர் வீட்டிலும் இதே மீன் இருக்கிறதாம். சிகிச்சை நேரம் போக, மீனைக் கவனிக்க முடியவில்லையாம்.

"எல்லாம் மருமகளோட கைவண்ணம். நான் கையால பண்ணினதுல எங்கேயோ ஒரு பிசகு இருந்திருக்கு. மெஷின்ல பிசகே கிடையாது. நான் போன நாள்லேர்ந்து ஒரே சீரா இருபத்தாறு டிகிரி" என்றார் சர்வேயர்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. "ஒரே சீராவா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டிரில் மாஸ்டர் முந்திக்கொண்டார். மனைவி பட்ட பாட்டை நாலு பேருக்குச் சொல்லும் சந்தர்ப்பத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். எப்பேர்ப்பட்ட சோதனையெல்லாம் தாண்டி ஜெயித்தாள் என்று விலாவாரியாக ஆரம்பித்தார். ஃபேன் ஓடி ஜில்லிட்டது, தரைக்கு ஹீட்டர் போட்டது, ஃப்ரிட்ஜ் பாட்டில்களைக் கவிழ்த்தது, விளக்கு விட்டு விட்டு எரிந்தது, செருப்பு மிதந்து வந்தது, ஒன்றையும் விடவில்லை. அவள் கண்ணால் ஜாடை காட்டியும் பலிக்கவில்லை. ஒவ்வொரு விஷயத்துக்கும் சர்வேயரின் முகம் ஒரு சுற்று இருண்டது. டாக்டரோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தண்ணி மேலேர்ந்தா விழுந்துச்சு?"

"பூவாளி மாதிரி, டாக்டர்."

"பளிச் பளிச்சுன்னு லைட் எரிஞ்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

போச்சு, சம்பாதித்த பெயரெல்லாம் ஒரே நாளில் போச்சு என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் எழுந்து வந்து, சர்வேயரின் காதில் விழக்கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் இந்த மெஷின் ஒண்ணு செஞ்சு கொடுங்கம்மா, ஆனா தயவுசெஞ்சு ஒரு தப்பைக்கூடத் திருத்திடாதீங்க. இந்த ஜாதி மீன், இடி மின்னலோட மழைக்காலம் வந்துடுச்சுன்னு நம்பினாத்தான் முட்டையே போடும்."