மேலுமலை ஏற்றத்தில் என் மின்சாரக் கார்

தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரும் கார் பற்றிக் கருத்துக் கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வான் என்பது வேறு விஷயம். ஓசூர் சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலையை விட்டு என் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் கூட வெளியே போனதில்லை (போல்ட்டுகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை). அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற கையோடு எங்கள் தெருவின் முதல் மின்சாரக் காரை வாங்கினேன். முன்னால் இருவர் தாராளமாக உட்காரலாம். பின்னால் இருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்காரலாம். பார்த்தவர்கள், "மீதிக் கார் எப்ப சார் வரும்?" என்று விசாரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் வித்யாவுக்குக் கிருஷ்ணகிரியில் வரன் கூடி வந்தது. ஜாதகம் பொருந்தியது, பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பையனின் பெற்றோர் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்பா முனிரத்தினம் மாம்பழக் கூழ் தொழிற்சாலை வைத்திருந்தார். அத்துடன், அப்போது பணக்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய ஹைப்ரிட் கார் ஒன்றும் வைத்திருந்தார்.

முதல் சந்திப்பிலேயே அதைப் பற்றி விவாதம் வந்துவிட்டது. வந்துவிட்டது என்ன, நான்தான் கொண்டுவந்தேன்.

"பெட்ரோலும் வேணும், பேட்டரியும் வேணும்னா அது ரெண்டு குடும்பம் வச்சிருக்கிறவன் மாதிரி சார். எதுலயும் விசுவாசம் இருக்காது" என்றேன். சொல்லும் இடம் பெண்ணின் கல்யாணப் பேச்சு என்பது பாதி வாக்கியத்தில்தான் நினைவுக்கு வந்தது. என் மனைவி சரோஜா காலை மிதித்தது அடுத்த பாதியில்.

முனிரத்தினம் அசரவில்லை. "ஒத்த வூடு வச்சிருக்கறவன், அந்த வூட்ல கரண்டு பூட்டா எங்க சார் போவான்?" என்றார். மாநிலமே மின்வெட்டில் இருந்த காலம் அது. பதில் சொல்லாமல் விட்டால் தோற்றதாக ஆகிவிடும். வீடு பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையன்று நானே கிருஷ்ணகிரிக்கு வந்து என் காரில் அவரை அழைத்துப்போவதாக அறிவித்தேன். சம்பந்தியம்மா ஜெயலட்சுமி ஹைப்ரிட்டைத் தானே ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. ராகு காலம் தொடங்கும் நாலரைக்கு முன் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

நான் முறைப்படி செயல்பட்டேன். டயர் காற்று, பிரேக், பேட்டரித் தண்ணீர் எல்லாம் சோதித்துக் கிளம்பினேன். கிருஷ்ணகிரி சேர்ந்தபோது பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். திரும்பும் தூரமும் அதேதானே. கணக்கு முடிந்தது.

மாம்பழ சீசன் என்பதால் ஞாயிறன்றும் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள ஜெனரேட்டர்ல இருந்து ஒயர இழுத்து சார்ஜ் போட்டுர்லாம் சார்" என்றார் முனிரத்தினம்.

"வேணாம் சார். டீசல்ல சார்ஜ் போட்டா அப்புறம் இதுவும் டீசல் காருதான். பொகைக் குழாய் மட்டும் உங்க ஃபேக்டரியில இருக்கும்."

இன்றைக்கும் அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமைதான். என்ன, அதைச் சமவெளியில் ஓட்டப் போகிறவன் சொல்லியிருக்கலாம். மலை ஏறப் போகிறவன் சொல்லக் கூடாது.

ஓசூர் மேட்டில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு குளிர்ச்சி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஊர்ப் பெருமை பேசியவன் நான். மேட்டு ஊரில் இருந்து கிளம்பும் கார் இறக்கத்தில் சும்மாவே ஓடிவரும், திரும்பும்போது அவ்வளவையும் ஏற வேண்டும் என்பது மட்டும் எந்தச் சோதனையிலும் வரவில்லை. போதாக்குறைக்குப் பக்கத்தில் முனிரத்தினம். உடம்பு நன்றாக விளைந்த தொழிலதிபர், இருக்கை அவரை முழுதாக ஏற்கவில்லை.

குருபரப்பள்ளி தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மேலுமலையில் பேட்டரி முள் என் கண் முன்னாலேயே சரிந்தது. முதலில் ஏசியை நிறுத்தினேன். பிறகு பாட்டை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கார் தன்னை நிறுத்திக்கொண்டது.

"என்னா சார், நின்னு பூடுச்சி?"

"ரெஸ்ட் குடுத்தா பேட்டரி கொஞ்சம் தேறும் சார்."

"மனுசனுக்கும் அப்டித்தான் சார்" என்றபடி அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளத் தொடங்கினார். சம்மதம் சொல்ல வேண்டியவர், மேலுமலை மேட்டில், லாரிகள் ஹாரன் அடிக்க, பெண்ணின் அப்பாவைக் காருக்குள் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வித்யாவின் கல்யாணம் பின்கண்ணாடியில் வியர்த்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

பின்னால் வந்த ஜெயலட்சுமி அம்மா ஹைப்ரிட்டை நிறுத்தி இறங்கினார். நிலைமையைப் பார்த்தார். ஓரமாக நின்ற மாம்பழ லாரியில் ஒரு கயிறு வாங்கினார். "நீங்க என் வண்டியில ஏறுங்க" என்று கணவரிடம் சொன்னார். என்னிடம், "சார், நீங்க ஸ்டீரிங்க மட்டும் புடிச்சிக்குங்க. அந்த வேலைக்குக் கரண்டு வேணாமில்ல?" என்றார்.

கயிறு கட்டி இழுக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகளைக் காரின் கையேட்டில் இருந்து நான் எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

சூளகிரி தாண்டி, சானமாவு காட்டு ஓரத்தில் யானை ஏதும் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று ஊர்ந்து, எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நாலரை தாண்டிவிட்டது. ராகு காலம். ஜெயலட்சுமி அம்மா வாசலிலேயே எஞ்சினை அணைத்தார். "ஆறு மணி வரைக்கும் உள்ள வர மாட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

ஆகவே தெருவின் நடுவில் இரண்டு கார்களும் கயிற்றில் கட்டியபடியே நின்றன. முன் காரில் சம்பந்திகள். பின் காரில், நியூட்ரலில், நான். தெருவே கூடியது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "ரெண்டையும் சேத்தாதான் ஒரு முழுக் காரா சார்?" என்றார். சரோஜா காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். முன் காருக்கு இரண்டு டம்ளர் கொடுத்தாள். என்னைத் தாண்டிப் போய் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் வித்யாதான் ஒன்று கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "குடிப்பா. ஆனா எறங்காத. இன்னும் ஏதாவது பேசிருவ."

ஆறு அடித்தது. ஜெயலட்சுமி அம்மா வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராக சரோஜாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்டப் பாக்கறதுக்கு என்னாங்க இருக்குது. இந்த மனுசன வச்சி இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கீங்க. நீங்க வளத்த பொண்ணு எம் பையன கண்ண மூடிக்கிட்டு சமாளிக்கும். தட்டு மாத்தலாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. பிறகு, உண்மையைப் பதிவு செய்வது என் கடமை என்பதால், ஒரு விஷயத்தைச் சபையில் சுட்டிக்காட்டினேன்: கிருஷ்ணகிரி போய்த் திரும்பிய மொத்தப் பயணத்திலும் என் கார் ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்கவில்லை. குடித்தது ஹைப்ரிட்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. என் வாதத்தை இதுவரை எவரும் மறுத்ததில்லை. ஆனால் இரண்டு குடும்பங்களிலும் இன்றுவரை, யாராவது அடுத்தவர் வண்டியில் ஓசியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினால், "யார் வண்டியில வந்த?" என்று கேட்பதில்லை.

"என்ன, கரண்ட்லயா வந்த?" என்றுதான் கேட்கிறார்கள்.