தொண்டை கட்டிய பொறியாளரும் சட்டமன்றக் குழுவும்

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணன் செந்தமிழ்செல்வன் அவர்களுக்குத் தங்கை சந்திரலேகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், நலமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கும் உங்கள் மாப்பிள்ளை உட்பட. போனில் சொல்லலாமென்றால் அவர் நாள் முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம்.

போன மழையில் ஆற்று மதகின் ஷட்டரைத் தூக்கப் போன, இவருக்குக் கீழே வேலை பார்த்த கோவிந்தசாமியை வெள்ளம் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். அதை விசாரிக்கச் சட்டமன்றக் குழு கடலூருக்கு வந்து, மதகுக்குப் பொறுப்பான பொறியாளர் என்று இவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டது. இவர் போகாமல், தொண்டையில் புண், பேசக் கூடாது என்று மெடிக்கல் சர்டிபிகேட் அனுப்பினார். அனுப்பியவர் வீட்டில் கிடந்தாரா, கீழ வீதிக்குக் கத்திரிக்காய் வாங்கப் போய்ப் பழக்கதோஷத்தில் பேரம் பேசிவிட்டார், அதை ஆபீஸ் கிளார்க் இளவரசு பார்த்துவிட்டார். அதிலிருந்து வெளியே போனால் சைகைதான். ஆட்டோக்காரரிடம் பஸ் ஸ்டாண்டு என்று சைகை காட்டி அண்ணாமலை நகரில் போய் இறங்கினார். குழுத் தலைவரும் விடவில்லை. "பேச முடியலன்னா எழுதிக் குடுக்கட்டும்" என்றாராம். மறுநாள் இவர் வலது கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார். "அப்ப வந்து உக்காந்து தலைய ஆட்டட்டும், போதும்" என்று தலைவர் சொல்லி அனுப்பினார். அதற்கு எந்த டாக்டரிடம் போவது, அண்ணா? சர்வீஸ் முழுக்கத் தலையாட்டியே காலம் தள்ளினவர் இவர்.

இப்போது உரிமை மீறல் என்று ஓலை வந்திருக்கிறது. அடுத்த வாரம் சென்னையில் குழு முன்னால் ஆஜராகாவிட்டால் விஷயம் சபைக்கே போகுமாம். சபை நடுவே நிற்க வைத்துக் கண்டிப்பார்களாம், ஜெயிலுக்கு அனுப்பவும் அதிகாரம் உண்டாம். "கோர்ட்டு இல்லாம எப்புடிங்க ஜெயில்ல போடுவாங்க?" என்று இவரிடமே கேட்டேன். என்னிடமும் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கல்யாணமான நாளாக நான் கேட்ட எதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை, இவரைத் தண்டிக்க எனக்கு எந்தச் சபை அதிகாரம் கொடுத்தது?

உண்மை எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே போனில், "கோவிந்தசாமி, நீ போயி ஷட்டர தூக்கு, நான் சொல்றேன்ல" என்று இவர் சொன்னபோது நான்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டுத் தானாகப் போய் விழுந்தான் என்று மேலதிகாரி ரிப்போர்ட் எழுதினார். இவர் அதற்கும் தலையாட்டிவிட்டார். அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்குவதில்லை, எனக்கும் மனசு ஆறவில்லை. ஆனாலும் சத்யப்பிரியாவைப் பெண் பார்க்க வருகிற நேரத்தில் அப்பா ஜெயிலில் என்றால் நான் என்ன செய்வேன்? நீங்கள் சட்டமன்ற நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர்தான், என்றாலும் அங்கே நமக்கிருக்கும் ஒரே ஆள் நீங்கள். யார் காலையாவது பிடித்து இதை நிறுத்துங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் நடராசர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும் தங்கை,
சந்திரலேகா.

பின்குறிப்பு: யாரையும் பார்க்க வேண்டாம், அண்ணா. இவர் சென்னைக்கு வந்து சாட்சி சொல்லப் போகிறார், கூட நானும் வருகிறேன். கடிதத்தை ஒட்டப் போகும்போது கோவிந்தசாமியின் மனைவி ராசம்மாள் வந்தாள். இவருக்குத் தொண்டை சரியில்லை என்று கேள்விப்பட்டுத் தூதுவளை பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். "கஷாயம் வச்சிக் குடுங்கம்மா. தொண்ட சரியானா ஐயா எங்க வூட்டுக்காரருக்காவ ரெண்டு வார்த்த பேசுவாங்கல்ல" என்றாள். இவர் கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு, "நான்தாம்மா அவர போவச் சொன்னேன்" என்றார். ராசம்மாள் திட்டவில்லை. "அப்ப அவுரு குடிச்சிட்டுப் போவலீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, மெட்ராசில் குழு முன்னாலும் இதையே சொல்லப் போகிறேன் என்றார். "மெட்ராசுல அப்பறம் சொல்லிக்கலாங்கய்யா, மொதல்ல எம் புள்ளைங்ககிட்ட வந்து சொல்லுங்க" என்றாள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போயிருக்கிறார்.